கோர்களைத் தூங்க வைத்தவள்

அந்த ஆபீஸில் அவளுக்குப் பிசினாரி என்று பெயர். சிறுசுகள் மட்டும் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் வைத்தது வேகப் பிரிவுக்காரர்கள். ஃபோன், டேப்லெட்டுக்குள் வைக்கிற சிப்பை இன்னும் எவ்வளவு வேகமாக ஓடவைக்கலாம் என்று பார்ப்பது அவர்கள் பிழைப்பு. எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓட்டலாம் என்று பார்ப்பது அவள் பிழைப்பு. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். அவர்கள் கேட்பதில் பாதியைத்தான் கொடுப்பாள், அதையும் முனகிக்கொண்டே கொடுப்பாள். வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கும் உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

சிப்புக்குள் எட்டு கோர்கள். எட்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி நேரம் இரண்டு பேருக்குத்தான் வேலை இருக்கும். மிச்ச ஆறு பேரும் சும்மா உட்கார்ந்து மின்சாரத்தைத் தின்றுகொண்டிருப்பார்கள். அவர்களைத் தூங்க வைத்துவிட்டால் பாட்டரி பிழைக்கும். இதுவரை யாருக்கும் புரியும். வில்லங்கம் எழுப்புவதில் இருக்கிறது. தூங்கின கோரை எழுப்ப ஒரே மடக்கில் நிறைய மின்சாரம் போகும். சிவப்பு விளக்கில் நிற்கிற காரின் எஞ்சினை அணைப்பது மாதிரிதான் இதுவும். ரொம்ப நேரம் நிற்கப்போகிறோம் என்றால் அணைப்பது லாபம். அணைத்த கையோடு பச்சை விழுந்தால் நஷ்டம். ஆக, அடுத்த ஓய்வு எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே ஊகிக்கத் தெரிந்தால் போதும், பாதிச் சண்டை ஜெயித்த மாதிரி. அந்த ஊகத்துக்கு விதி எழுதினவள் அக்காதான்.

எழுதியதோடு விட்டாளா? அதைச் சிப்பிலேயே பொறித்து வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு முன்பெல்லாம் மென்பொருள்தான் சொல்லும், இப்போது தூங்கு, இப்போது தூங்காதே என்று. மென்பொருள் எழுதுகிறவர்களை அக்கா கடுகளவும் நம்பமாட்டாள். தன் ஆப் மட்டும் சட்டென்று திறக்க வேண்டும் என்பதற்காக எட்டு கோர்களையும் விடிய விடிய விழிக்க வைக்கிற ஜாதி என்பாள். அவர்கள் கை எட்டாத இடத்தில் விதி இருக்க வேண்டும். வேலை செய்வதுபோல நடிக்கிற நிரல்களையும் அவள் விடவில்லை. ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டு, விடையை யாருக்கும் கொடுக்காமல் டபாய்க்கிற நிரலைச் சிப்பே கையும் களவுமாகப் பிடித்துத் தூங்கப் போட்டுவிடும்.

கடைசி மீட்டிங்கில் பரிசோதனைப் பிரிவுப் பெரியவர் மட்டும் மெல்ல இழுத்தார்.

"ஒரே ஒரு சுவிட்ச் இருக்கட்டுமேம்மா. தேவைப்படறவங்க தூங்க வேண்டாம்னு சொல்லிக்கட்டும்."

"சார், சுவிட்ச் வச்சா எல்லாரும் முதல்ல அதைத்தான் போடுவாங்க. கேம் விக்கறவன் போடுவான், விளம்பரம் காட்டறவன் போடுவான். அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் விடவில்லை.

"நிஜமாவே தேவைப்படறவன் ஒருத்தன் இருந்தா?"

"யாரு சார் அது? எனக்குக் காட்டுங்களேன்."

பாவம், அவரால் காட்ட முடியவில்லை. சுவிட்ச் போயிற்று. சிப் தொழிற்சாலைக்குப் போயிற்று. பாட்டரி முன்னைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நேரம் நின்றது. மேனேஜர் அவள் முதுகில் தட்டினார், வேகப் பிரிவுக்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

அவளுக்கு ஒரு தம்பி. குடும்பத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ரேடியோ என்பார்கள். வாயை மூடாத பிறவி. பழைய கார் வாங்கி விற்பது தொழில். எஞ்சினில் புகை வருகிற வண்டியைக்கூட, "சார், இது வண்டி இல்ல, குடும்பத்துல ஒருத்தர், அதான் கொஞ்சம் இருமறார்" என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவான். வாங்கினவன் சண்டைக்கு வந்தால் அவனையும் பேசிச் சிரிக்க வைத்து இன்னொரு வண்டியைக் காட்டுவான். அவன் பேசினால் அவன் மனைவி உலையில் வைத்ததை மறந்துவிடுவாள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டேன் என்று அவளே சொல்வாள்.

அந்த ரேடியோவுக்குத்தான் நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற வியாதி வந்தது. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு. கொடுமை என்றால் இதைவிட ஒரு கொடுமையை எவனாலும் யோசித்துச் செய்திருக்க முடியாது. நாக்கு குழற ஆரம்பித்ததுமே அக்கா அவனை மைக் முன்னால் உட்காரவைத்து, வாரக்கணக்கில் பேசவிட்டுக் குரலைப் பிடித்து வைத்தாள். இனி கண்ணால் எழுத்தைப் பார்த்தால் போதும், டேப்லெட்டில் இருக்கிற கேமரா எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கும், சேர்ந்த வாக்கியத்தை அவன் குரலிலேயே மெஷின் பேசும். அவன் குரலைத் தயாரிக்க, வீட்டில் ஏற்கெனவே இருந்த பழைய டேப்லெட்டுக்குச் சக்தி போதாது. அதில் கூடவே வந்த யாரோ ஒரு ஆளின் குரல்தான் வரும், செய்தி வாசிப்பவன் மாதிரி. அதனால் புது டேப்லெட்டை வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே அவளுடைய சிப்.

"இது நம்ம வீட்டுச் சரக்குடா. நாள் பூரா நிக்கும், நீ பேசிக்கிட்டே இருக்கலாம்" என்றாள்.

அவன் கண்ணால் எழுத்து எழுத்தாகப் பொறுக்கினான். மெஷின் அவன் குரலில் பேசியது.

"பழைய வண்டி விக்கறவன் சொல்ற மாதிரியே சொல்றியேக்கா."

அவன் மனைவி சிரித்தாள், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நல்ல சாயங்காலம் அது. அப்படி ஒன்று வாய்த்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ரேடியோவின் பேச்சு பாதியில் நிற்க ஆரம்பித்தது. வாக்கியம் நடுவில் திரை இருளும், விழிக்கும், கேமரா அவன் கண்ணைத் தேடும், கண்டுபிடிப்பதற்குள் மறுபடி இருளும். காலையில் முழுதாக ஏற்றின சார்ஜ் மதியத்துக்குள் காலி. சார்ஜரிலேயே செருகி வைக்கலாமே என்று மனைவி செருகிப் பார்த்தாள். சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது என்று தெரிந்ததும் சிப்புக்குக் கொண்டாட்டம், எட்டு கோர்களையும் முழு வேகத்தில் ஓடவிட்டுச் சூடேறி, கேமராவை அணைத்துவிட்டது.

"அண்ணி, மெஷின்ல ஏதோ கோளாறு போல. காலையில ஒரு ஜோக் ஆரம்பிச்சார், இன்னும் முடியல" என்றாள் மனைவி அக்காவிடம். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அக்கா ஆபீஸிலிருந்து அளவெடுக்கிற கருவியைக் கொண்டுவந்து, சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ரேடியோவை ஏதாவது எழுதச் சொன்னாள். எந்தக் கோர் தூங்குகிறது, எது எழுகிறது என்று கோடுகள் ஓடின. சிறிது நேரத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கோளாறு எதுவும் இல்லை. எல்லாம் அவள் எழுதின விதிப்படி அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

ரேடியோவின் கண் தசையும் இப்போது சோர ஆரம்பித்திருந்தது. ஒரு எழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகுமுன் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி ஓய்வெடுத்தான். அந்த ஓய்வு சிப்புக்கு எப்படித் தெரியும்? யாரும் இல்லை என்று தெரியும். கோர்கள் தூங்கும். அவன் கண்ணை அசைப்பான். அடித்துப் பிடித்துக்கொண்டு எல்லாம் எழும், கேமரா கண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் அவன் களைத்து நிற்பான், மறுபடி தூங்கும். ஒவ்வொரு எழுப்பலுக்கும் பாட்டரி கொட்டியது. விதியை எழுதும்போது அவள் வைத்துப் பார்த்த மாதிரிகள் எல்லாம் விரல் பறக்க ஃபோனைத் தேய்க்கிற வாலிபப் பசங்களுடையவை. இவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் இருப்பான் என்று விதிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் என்றால் யார், அவள்தானே?

"என்னக்கா, எஞ்சின் போச்சா?" என்று கேட்பதற்கு ரேடியோவுக்கு வெகுநேரம் பிடித்தது.

"எஞ்சின் நல்லாத்தான்டா இருக்கு. நீ மெதுவா பேசறது அதுக்குப் புரியல. நீ இல்லைன்னு நினைச்சுக்குது."

அவன் கண் எழுத்துகளின் மேல் போய்ப் போய் நின்றது. திரை இருண்டு விழித்தது. "யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தது" என்று வந்தது, கேள்விக்குறி போட முடியவில்லை.

அக்கா பொய் சொல்லவில்லை. "நான்தான்" என்றாள். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவன் வாயோரத்தைத் துடைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று அக்காவுக்கு இருந்தது.

மறுநாளே மேனேஜரிடம் போனாள். நல்ல மனிதர், அதுதான் வம்பே. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஆனா பொறிச்சது பொறிச்சதுதான், உனக்குத் தெரியாததா? சிப்பை வெளியில இருந்து மாத்த முடியாதபடி செஞ்சதே நீதான்."

"அடுத்த சிப்புல ஒரு சுவிட்ச் வைக்கலாம் சார்."

"அடுத்தது தொழிற்சாலைக்குப் போயாச்சே. அதுக்கு அடுத்ததுல கண்டிப்பா பேசலாம்."

அதற்கு அடுத்தது வெளியே வருகிறபோது ரேடியோ இருக்கமாட்டான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மேனேஜர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: பாட்டரியில் அவள் மிச்சம் பிடித்துக் கொடுத்ததை அடுத்த சிப்பில் வேகப் பிரிவு முழுங்கிவிட்டதாம். இன்னும் நான்கு கோர்கள் சேர்த்துவிட்டார்களாம். இத்தனை வருஷம் அவள் சேர்த்து வைத்ததை ஒரே கையெழுத்தில் தின்று தீர்த்தாயிற்று. வேறொரு நாளாக இருந்தால் அந்த அறையை இரண்டாக்கியிருப்பாள். அன்றைக்குச் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பரிசோதனைப் பெரியவர் எதிரே வந்து, அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்.

பிசினாரி அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? திருட்டு நிரல் எழுதினாள். எந்த ஜாதியைக் கண்டால் அவளுக்கு ஆகாதோ அந்த ஜாதியில் போய்ச் சேர்ந்தாள். ஒரு கோரை மட்டும் ஏதாவது கணக்குப் போட வைத்துத் தூங்கவிடாமல் பிடித்து வைக்கிற நிரல். டேப்லெட்டில் போட்டாள். சிப் கொஞ்சநேரம் பார்த்தது, நடிப்பு என்று கண்டுகொண்டது, தூங்கிவிட்டது. கணக்கை மாற்றினாள், தாளத்தை மாற்றினாள், இடையிடையே தாறுமாறாக இடைவெளி விட்டாள். எந்த வேஷத்தில் போனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது அவளுடைய காவல். திருடன் என்னென்ன செய்வான் என்று அன்றைக்கே அவள் உட்கார்ந்து யோசித்து அடைத்த ஓட்டைகள் எல்லாம் நன்றாகவே அடைபட்டிருந்தன. தன் வேலையில் ஒரு குறையாவது இருந்து தொலையக்கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினாள்.

சிப் நம்பிய ஒரே பொருள் மனித விரல். தோல் பட்டால் ஆள் இருக்கிறது என்று அதற்கு உறுதி. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து திரையின் ஓரத்தை விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டே இருந்தால் கோர்கள் தூங்காது, ரேடியோ பேசலாம்.

"இல்லாட்டி பழைய டேப்லெட்டையே தூசி தட்டி எடுத்துடலாம்டா. அதுல தூங்கற பிரச்சினை கிடையாது, சார்ஜ்லயே போட்டு வைக்கலாம். குரல் மட்டும்தான் வேற" என்றாள் அக்கா.

ரேடியோ நெடுநேரம் எழுதினான். அக்காவே விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள் குரல்ல என் பொண்டாட்டியக் கூப்பிட மாட்டேன்."

"அப்ப நான் தொட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், அதுக்கென்ன?" என்றாள் மனைவி. "டிவி பாக்கற நேரம்தானே."

அப்படித்தான் வழக்கமாயிற்று. பகலில் பார்த்துக்கொள்ள வருகிற ஆளுக்கு வேறு நூறு வேலை, விரலை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அதனால் பகல் முழுவதும் டேப்லெட்டை அணைத்தே வைத்தார்கள். வாயாடி ரேடியோ பகலெல்லாம் ஊமையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், சாயங்காலத்துக்காக. மனைவி ஒரு மருத்துவமனையில் துணி துவைக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். நாள் பூரா நின்றுகொண்டு ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவாள், முகம் கழுவுவாள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையோரத்தை விரலால் தட்ட ஆரம்பிப்பாள். அவன் பேசுவான். ஒரு வாக்கியத்துக்குள் அவள் டீ ஆறிப் பாலாடை கட்டிவிடும். முடிந்ததும் அவள் பதில் சொல்வாள், அவன் அடுத்ததை ஆரம்பிப்பான். ஒரு சாயங்காலத்துக்கு மூன்றோ நான்கோ வாக்கியம். மாதம் போகப்போக அதுவும் குறைந்தது. அவன் ஓய்வு நீண்டுகொண்டே போனது.

அதே சுவிட்சைக் கேட்டு மேலிடத்துக்கு அக்கா ஒரு மனுப் போட்டிருந்தாள். இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் மிகச் சிலரே என்று அவளுடைய புள்ளிவிவரத்தையே எடுத்துக் காட்டி, முடியாது என்று ஒரு நாள் பதில் வந்தது. அதற்கு அடுத்த சிப்பிலும் சுவிட்ச் கிடையாது. அன்றைக்கு நேரம் கழித்துத்தான் ஆபீஸை விட்டுக் கிளம்பினாள். தெருவில் கடைகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது, தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தலை ஒருபக்கம் சரிந்து வாய் லேசாகத் திறந்திருந்தது. சலவைச் சோடாவில் வெந்து தோலுரிந்த விரல் திரையோரத்தில் அப்படியே கிடந்தது, அசையாமல். அசையாத விரலைச் சிப் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, அதுவும் அக்கா வைத்த விதிதான். திரை இருட்டாக இருந்தது. ரேடியோ கண்ணைத் திறந்துகொண்டு அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா ஓசைப்படாமல் போய்த் திரையைத் தொட்டாள். எழவில்லை. பொத்தானை அமுக்கினாள். காலிப் பாட்டரியின் படம் ஒரு கணம் வந்து போயிற்று. அவளுக்கு இதற்கு அளவெடுக்கிற கருவி தேவையில்லை. மனைவி தூங்கியதும் திரை இருண்டிருக்கிறது. அவன் கண்ணை அசைத்து எழுப்பியிருக்கிறான். அது எழுந்து, தேடி, தூங்கியிருக்கிறது. அவன் மறுபடி எழுப்பியிருக்கிறான். முழுப் பாட்டரியும் தீர்கிற வரைக்கும் விடாமல் எழுப்பியிருக்கிறான். பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிடக் குரல் இல்லாமல்.

ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான், இல்லை என்றால் ஒரு பக்கமாக ஒதுக்குவான். அது ஒன்றுதான் மிச்சம்.

"ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தியாடா?"

கண் மேலே போயிற்று.

"அவகிட்டயா?"

மேலே.

"எழுப்பட்டுமா?"

கண் அவசரமாக ஒதுங்கியது. இல்லை.

"சரி, சார்ஜ் போடறேன். ஏறினதும் நானே பக்கத்துல உக்காந்து தொடறேன். அப்ப சொல்றியா?"

இல்லை.

அக்கா இன்னும் நெருங்கி வந்தாள். குனிந்து அவன் காதருகே கேட்டாள், கேட்கவே அவமானமாக இருந்தது.

"பழைய டேப்லெட்டக் கொண்டு வரட்டுமா? அந்தாள் குரல் பரவாயில்லையா?"

அவன் மனைவியின் சரிந்த தலையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அந்த ஓய்வின் நீளத்தை எந்தச் சிப்பாலும் ஊகித்திருக்க முடியாது, அக்காவாலும் முடியவில்லை. பிறகு கண் மெல்ல மேலே போயிற்று.

அக்கா நிமிர்ந்தபோது அவள் முழங்கை நாற்காலியில் இடித்துவிட்டது. மனைவி திடுக்கிட்டு விழித்தாள். யார் வந்திருக்கிறார்கள், மணி என்ன, எதையும் பார்க்கவில்லை. விரல் தானாக அந்தச் செத்த கண்ணாடியின் மேல் தட்ட ஆரம்பித்தது.

"தூங்கலங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் கணவனைப் பார்த்து. "சொல்லுங்க."